நாற்பத்தேழாவது வெற்றிடம்

செவ்வாய்க் கிரகத்தில் பிறந்தவர்களுக்கு நிலவு இரண்டு. ஒன்று ஓடுகிற கடலைப் பருப்பு, மற்றது நட்சத்திரம் என்று சொல்லி ஏமாற்றும். பழைய பாட்டுகளில் வரும் பெரிய வட்ட நிலா எல்லாம் புலவர்கள் கூட்டிச் சொன்னது என்றே எழினி நினைத்திருந்தாள். அவளைத்தான் குடியிருப்பின் காப்பகத்தில் பூமிப் படங்களைச் சரிபார்க்க வைத்திருந்தார்கள்.

அங்கிருந்த மைமீட்பான் என்ற இயந்திரம் நல்ல மாணவன். சிதைந்த படத்தில் மை இல்லாத இடத்தைக் காட்டி, "இழப்பா?" என்று கேட்கும். ஆம் என்றால் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்பிவிடும். காகிதமோ கோப்போ, நிரப்பியது நிரப்பியதுதான், பழையபடி ஆக்க முடியாது. ஒருமுறை கற்றதை மறுபடி கேட்காது, தானே செய்துவிடும்.

அன்று நீர்ப்பொறியாளர் கோமதிநாயகம் ஒரு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படத்தைக் கொண்டுவந்தார். ஓர் ஆறு, இரண்டு பைன் மரங்கள், ஒரு படகு. அவர் மனைவி ஹருமி பூமியிலிருந்து எடுத்துவந்த ஒரே பொருள். ஹருமி இறந்து மூன்று வருடமாகிறது.

"தூசி அரிச்சு அங்கங்க மை உதிர்ந்துபோச்சு. பார்த்துப் பண்ணும்மா."

இயந்திரம் நாற்பத்தேழு வெற்றிடங்களைக் காட்டியது. எழினிக்கோ பசி. முப்பதுவரை ஒழுங்காகப் பார்த்தாள், பிறகு ஆம், ஆம் என்று தட்டினாள். ஆற்றில் நீளமாகக் கிடந்த வெள்ளைக் கீற்றை மட்டும் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தாள். கடைசியில் வானத்தில் ஒரு வட்டம். இவ்வளவு பெரிய ஓட்டையா என்று அலுத்துக்கொண்டு அதற்கும் ஆம் என்றாள்.

படத்தின் பெயரைப் பதியும்போதுதான் ஓரத்து எழுத்தை மொழிபெயர்த்துப் பார்த்தாள்: முழுநிலவில் ஆறு. இந்த வகை அச்சில் நிலவுக்கு மை கிடையாது, வெறும் காகிதத்தை விட்டுவிடுவார்கள் என்றது காப்பகக் குறிப்பு. படத்தில் வட்டம் இருந்த இடத்தைத் தேடினாள்; வெறும் வானம்தான் இருந்தது.

மாலையில் வந்த கோமதிநாயகம் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆத்துல வெளிச்சம் கிடக்கு. எங்கிருந்தும்மா வருது?"

தூசியின்மேல் பழியைப் போட ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் விரல் வானத்தில் எதையோ தேடுவதைப் பார்த்தபின் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான்தான் மாமா அழிச்சேன். ஓட்டைன்னு நினைச்சுட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காப்பகத்துல வேற நிலாப் படம் இருக்கும்ல? ஒண்ணு காட்டு, போதும்."

எழினி அவசரமாகத் திறந்தாள். இரவு வானங்கள் வரிசையாக வந்தன, எல்லாமே கருநீலம். அடியில் மைமீட்பானின் குறிப்பு இருந்தது: "வான வட்ட இழப்புகள் 9,206 சரிசெய்யப்பட்டன. வழிகாட்டியவர்: எழினி. பாடம் பூமிக் காப்பகங்களுக்கும் அனுப்பப்பட்டது."

கோமதிநாயகம் அதைப் படித்தார். பிறகு ஹருமியின் படத்தை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"நீயே வச்சுக்கம்மா. எனக்கப்புறம், இதுல நிலா எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்."