சிரட்டைக்கரிப் பீப்பா

தன்னாமுனைப் பெற்றோல் செட்டில் அன்று பெற்றோல் மணக்கவில்லை.

நல்லரத்தினம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். வாவிச் சேறு நாறியது. தெருவில் போன மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் நாறியது. நிலத்துக்குள் புதைத்திருக்கும் தாங்கி மட்டும் நாறவில்லை. அந்தத் தாங்கிக்குத் தலைமயிர் நரைக்கும் மட்டும் காவல் இருந்தவர் அவர். எங்கே கசிந்தாலும் அவருடைய மூக்குத்தான் முதலில் சொல்லும்.

சண்டைக்குள் பெற்றோல் வருவதே அருமை. வெயில் ஏறினால் அதிலும் ஒரு பங்கு தாங்கியின் மூச்சுக்குழாயால் ஆவியாகப் போய்விடும். மணம் சென்றிக் காவலரண் பக்கம் அடித்தால் செட்டைப் பூட்டுவோம் என்று ஆமிக்காரரும் வெருட்டியிருந்தார்கள். அதனால்தான் முதலாளி வினாயகமூர்த்தி ஏறாவூர் முனாப்பைக் கூட்டி வந்தார். வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று வேலை செய்து வந்தவன். அவன் மூச்சுக்குழாயை வளைத்து ஒரு பெரிய பீப்பாவுக்குள் விட்டான். பீப்பா நிறையத் தேங்காய்ச் சிரட்டைக்கரி. ஆவி கரியில் ஒட்டிவிடுமாம்.

"இனி நல்லரத்தினத்திர மூக்குக்கு லீவு," என்று முதலாளி சிரித்தார். "பின்னேரம் வந்து மணந்து பாப்பன். மணம் இல்லையெண்டா தாங்கிப் பூட்டுத் திறப்பு முனாப்பிட்ட."

"கோவிக்காதீங்கண்ணே," என்றான் முனாப். "கரி என்னத்தக் கண்டது? ஆவியக் குடிச்சிட்டுச் சும்மா கிடக்கும்."

"குடிக்கிறதெல்லாம் ஒருநாளைக்குச் சத்தியெடுக்கும் மனே."

முதலாளி அதற்கும் சிரித்தார். முனாப்பின் தோளில் தட்டினார். இத்தனை காலத்தில் நல்லரத்தினத்தின் தோளில் அந்தக் கை ஒருநாளும் விழுந்ததில்லை.

மத்தியானம் பெண்சாதி சீதேவிப்பிள்ளை சோறு கொண்டுவந்தாள். "அந்தப் பொடியன் கெட்டிக்காரன்தான். நீங்க உடுத்த சாரத்திலயும் பெற்றோல் மணமில்லயே!" என்றாள். அவளுமா? அவர் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனார். மீன்குழம்பு மணக்கவில்லை. தெருவோரம் எட்டப் போய்ப் பீடியைப் பற்றவைத்தார். புகை பீப்பாப் பக்கம் வளைந்து போனது. அதுவும் மணக்கவில்லை.

பின்னேரம் மழை இருட்டியது. முதலாளியைக் கூட்டிவர முனாப் சைக்கிளில் போய்விட்டான். நல்லரத்தினம் ஆணி கழற்றும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு பீப்பாவடிக்குப் போனார். கரியை அள்ளி வாவிக்குள் கொட்டிவிட்டால் போதும், முதலாளி வரும்போது முற்றம் முழுக்க நாறும். திறப்பு தன் மடியிலேயே கிடக்கும்.

பீப்பாவுக்குள் காற்று இழுபட்டது. அவர் அதற்குப் பயப்படவில்லை. சூட்டில் தாங்கி மூச்சு விடும், குளிர்ந்தால் உள்ளே இழுக்கும், தெரிந்த சங்கதிதான். ஆனால் தாங்கி நாளுக்கு ஒரு மூச்சுத்தான் விடும். இது விட்டு விட்டு இழுத்தது, கிழட்டுச் சளி இரைகிற மாதிரி, அவருடைய நெஞ்சு இரைகிற மாதிரியே.

அவர் மூச்சை அடக்கினார். அது நின்றது.

விட்டார். அது இழுத்தது.

திரும்பிப் போயிருக்கலாம். முதலாளியின் கை முனாப்பின் தோளில் கிடந்தது நினைவில் வந்தது. ஆணிகளைக் கழற்றி மூடியைத் தள்ளினார்.

கரி. வெறும் கரி. மணமில்லை. மழையும் மணக்கவில்லை. வாவியும் மணக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

அவர் மூச்சு விட்டார். அது இழுத்தது. திரும்ப அவர் இழுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

கால் நிலத்தைத் தேடியது. நிலம் இல்லை. கருப்பு. வாய்க்குள் கரி. கண்ணுக்குள் கரி.

மேலே, பீப்பா வாயளவுக்கு வட்டமாக ஒரு துண்டு வானம். பேச்சுக் குரல் கேட்டது.

"நல்லரத்தினம் எங்க? அவர்ர சைக்கிள் நிக்குது."

"செருப்பும் இஞ்ச கிடக்கு மொதலாளி. அண்ணன் கோவத்தில மூடியத் திறந்து வெச்சிட்டுப் போயிரிக்காரு போல."

வட்டத்துக்குள் முனாப்பின் முகம் வந்தது. நல்லரத்தினம் கத்தினார். சத்தம் வாயை விட்டு வெளிக்கிட்டுக் கரிக்குள் இறங்கிப் போனது. முனாப் அவரைக் காணாமல், அவருடைய கண்ணுக்கு நேரே குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தான்.

"ஒரு மணமும் இல்ல மொதலாளி. நீங்களும் பாருங்க."

முதலாளியும் குனிந்து மணந்து பார்த்தார். "கெட்டிக்காரன்டா," என்றார். மூடி விழுந்தது. ஆணிகள் ஒவ்வொன்றாக இறுகின.

நல்லரத்தினம் அசையாமல் கிடந்தார். அவருடைய நெஞ்சு நின்று வெகு நேரமாகியிருந்தது. அந்த இருட்டில், அவருடைய காதை ஒட்டி, யாரோ மெதுவாக மூச்சு விடத் தொடங்கினார்கள்.