பதினொரு வாரமாகத் தொங்குபவன்

நேற்று மாலை அவள் விரித்து வரைந்த விரல்கள் இன்று மூடியிருந்தன.

வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் டேப்லெட்டைத் திறந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. உடைந்த பாலத்தின் விளிம்பில் குப்புறப் படுத்திருக்கும் தங்கை, கீழே சுழித்தோடும் ஆறு, நடுவே அவள் கையைப் பிடித்துத் தொங்கும் அண்ணன். அவன் கை நழுவ வேண்டிய கட்டம் அது. ஐந்து விரலும் காற்றைப் பிடிப்பதுபோல விரிய வரைந்து, சேமித்துவிட்டுத்தான் படுத்தாள். இப்போது அந்தக் கை தங்கையின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

பகலெல்லாம் அவளுக்கு மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் வேலை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற ஒரே வரியைக் கொஞ்சம் பெரிசாக்கு, இல்லை, பழையபடி சிறிசாக்கு என்று மேலாளர் உயிரை எடுப்பார். ஏழு மணிக்கு வீடு. ஏழிலிருந்து எட்டரை வரை மட்டும் அவளுடைய நேரம். வாராவாரம் இணையத்தில் ஏறும் படக்கதை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் பிறந்தாக வேண்டும். அது பிறக்க மாட்டேன் என்று மண்டையைக் காயவைத்தது.

அலுவலகத்தில் கணினி பார்க்கும் பையனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"சேவ் பண்ணீங்களாக்கா?"

"பண்ணேன்பா."

"எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

வாசகர்கள் அதற்கு மேல். 'எலி அக்கா, அந்த அண்ணன் தொங்கி பதினொரு வாரம் ஆச்சு. அவருக்குக் கை வலிக்குதோ இல்லையோ, எங்களுக்குக் கழுத்து வலிக்குது' என்று ஒருவர். 'ஒண்ணு தூக்குங்க, இல்ல விடுங்க' என்று இன்னொருவர். அதற்குக் கீழே நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.

எலி என்பது அண்ணன் வைத்த பெயர். கதையும் அவனுடையதுதான். அவன் எழுதுவான், அவள் வரைவாள். கடைசி அத்தியாயத்துக்காக நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: தங்கை கையை விடுகிறாள். அந்த வரிக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். "எல்லாரும் அவளைத் திட்டுவாங்கடா" என்றாள். "திட்டட்டுமே. விட்டாத்தான் கதை முடியும், எலி" என்று சிரித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு, அந்தச் சண்டைக்கு அடுத்த வாரம், மழை. தரைப்பாலத்தில் வெள்ளம் வண்டியைப் புரட்டியபோது அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அண்ணனையும் பிடித்திருந்தாள். நான்காம் நாள்தான் அவன் உடல் கிடைத்தது. 'கை நழுவிடுச்சு.' போலீஸிடமும் உறவுக்காரர்களிடமும், எல்லோருக்கும் மேலாக அண்ணியிடமும், அவள் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அண்ணி அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒருவருக்கு ஒருவர் என்று மிச்சமிருந்தார்கள்.

கதையை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அந்த ஒரு கையை வரைந்துவிட்டால் போதும்.

படத்தைப் பெரிதாக்கி, அழிப்பானை எடுத்தவள் அப்படியே நின்றாள். பற்றியிருந்த விரல்களில் சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்காமல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய அண்ணனின் சுண்டுவிரல். கதையில் வரும் அண்ணனுக்கு அவள் அப்படி ஒருநாளும் வரைந்ததில்லை.

அழித்தாள். வேகமாக.

"இன்னும் அந்தக் கைதானா?" அண்ணி அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"தலைகீழா நின்னாலும் வர மாட்டேங்குது அண்ணி. போட்டோ பாத்து வரையலாம்னா, நழுவுற மாதிரி ஒண்ணுகூட இல்ல."

முன்பெல்லாம் அவள் இந்த மேசைமேல் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிடுவாள். அண்ணன் மேசைக்கடியில் மல்லாந்து படுத்து, கையை மேலே நீட்டிப் பிடித்துக்கொள்வான். கையெட்டும் தூரத்தில் முக்காலியில் டைமர் வைத்த போன். இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் பிடித்தபடிதான். விடுகிற படத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான்.

"நான் படுக்கட்டுமா?" என்றாள் அண்ணி.

"நீங்களா?"

"ஏன், என் கையில என்ன முள்ளா இருக்கு? ஏறு மேல. பால் பொங்குறதுக்குள்ள முடி."

அவள் போனை முக்காலியில் வைத்துவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்து, வலது கையைத் தொங்கவிட்டாள். கன்னத்தில் பலகையின் குளிர்ச்சி. முகம் சுவரைப் பார்த்திருந்தது. கீழே அண்ணி முனகிக்கொண்டே ஒருக்களித்து, மல்லாந்து, "இந்த மனுஷன் எப்படித்தான் இதுக்குள்ள புகுந்தாரோ" என்று அலுத்துக்கொள்வது கேட்டது. சூடான, சோப்பு வாசமடிக்கும் கை அவள் கையைப் பிடித்தது. டைமர் பீப் பீப் என்று எண்ணியது.

அவள் விரல்கள் திறக்கவில்லை.

இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை அண்ணிக்கே பொறுமை போய்விட்டது.

"அட, விடேன்டி. இதுல என்ன கஷ்டம்?" என்றவள் சற்று நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டாள். "அன்னைக்கு எப்படி நழுவிச்சோ, அப்படியே விடு."

அவள் கன்னத்தைப் பலகையில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஐயோ, பால் பொங்குது!" கை உருவிக்கொண்டு போயிற்று. மேசைக்கால் அதிர்ந்தது. காலடிச் சத்தம் அடுப்பங்கரைப் பக்கம் ஓடித் தேய்ந்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, ஒரே இரைச்சலாகி, அந்த இரைச்சலுக்குள் வீட்டின் மற்றச் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக மூழ்கின. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இப்போது, முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி. இல்லாவிட்டால் இந்தக் கை ஒருநாளும் திறக்காது.

தொங்கிய கையை மறுபடி ஒரு கை பிடித்தது.

"வந்துட்டீங்களா?"

பிடி மட்டும் இறுகியது. சில்லென்ற ஈரம் அவள் உள்ளங்கையில் ஒழுகியது. அவசரத்தில் கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். சோப்பு வாசம் போய்விட்டிருந்தது. சேற்று வாசம். மழைக்கு எங்கும் அடிக்கிற வாசம்தான்.

இடது கையால் முக்காலியைத் துழாவி டைமரைத் தட்டினாள். பீப்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

பீப்.

"கோவிச்சுக்காதீங்க. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

பீப். பீப்.

"அன்னைக்குக் கை நழுவல அண்ணி. அவன் கெட்டியாத்தான் பிடிச்சிருந்தான். நானும் போயிருவேன்னு பயந்துட்டேன். நான்தான் விட்டேன்."

சொன்னதும் அவள் விரல்கள் திறந்தன. எட்டு மாதமாகத் திறக்காத விரல்கள். ஐந்தும், அகலமாக. போனின் வெளிச்சம் ஒருமுறை சுவரில் அடித்து அணைந்தது.

"எடுத்தாச்சு. விடுங்க."

விடவில்லை.

"அண்ணி, போதும். கை வலிக்குது."

ஈரப்பிடி உள்ளங்கையிலிருந்து மெல்ல ஏறி மணிக்கட்டுக்கு வந்தது. ஒவ்வொரு விரலாக. கட்டைவிரல். பிறகு மூன்று விரல்கள். கடைசியாக, முழுதாக மடங்காமல், கோணலாக, ஒன்று.

"என்னடி சொன்ன?"

குரல் கீழிருந்து வரவில்லை.

தலையைத் திருப்பினாள். அண்ணி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளிலும் துணி சுற்றிய பால் பாத்திரம். அது ஒரு பக்கம் சரிந்திருந்தது. விளிம்பில் வழிந்த பால் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சுட்டது தெரியாதவள்போல மேசைமேல் கிடந்தவளின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. மேசைக்கடியில் போய் நின்றது. பாத்திரம் விழுந்தது.

மேசைக்கடியிலிருந்து தரையெங்கும் கலங்கல் நீர் பரவி வந்தது. பாலோடு கலந்தது.

அவள் விரல்கள் விரிந்தே இருந்தன. ஐந்தும்.

மேசை ஒரு சாண் நகர்ந்தது.