கேமராவை மறைக்க முயற்சி

நான் வேலைக்குச் சேர்ந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. லாரிகள் நிற்கும் முற்றத்தைத் தாண்டி, டயர் கிடங்கை ஒட்டியிருந்த இரும்புப் படியில் ஏறினால் ஒரு கதவு. உள்ளே ஏசியின் ஈர வாடை, சூடேறிய வயர் வாடை, ஆறு திரைகள். பகலிலும் விளக்குப் போடுவதில்லை. போட்டால் திரையில் நம் முகம் தெரியும் என்று அக்கா சொன்னார். அக்கா அங்கே மூன்று வருடமாக வேலை பார்ப்பவர்.

"பயமா இருக்கா?"

"இல்லக்கா."

"இருக்கும். ஒரு வாரத்துல மரத்துப்போயிடும்."

வேலை எளிது. ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒரு கேமரா இருக்கும். அதற்குச் சந்தேகம் வந்தால் பத்து நொடிப் படம் ஒன்றை அனுப்பும். மேலே அந்தச் சந்தேகத்தின் பெயர் இருக்கும்: கண் மூடல், கொட்டாவி, கைபேசி, கேமரா மறைப்பு. ஒலி வராது. கீழே 'சரி', 'தவறு' என்று இரண்டு பொத்தான்கள். முப்பது நொடிக்குள் ஒன்றை அழுத்த வேண்டும். 'சரி' என்றால் ஓட்டுநருக்கு ஒரு புள்ளி. நான் இயற்பியல் படித்தவள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் கேட்கும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டாம் என்பது இன்னும் பிடித்திருந்தது.

அப்பாவும் அதே நிறுவனத்தில்தான் லாரி ஓட்டுகிறார். அவர் படம் வந்தால் நான் பார்க்க மாட்டேன், அக்காவின் திரைக்குத் தள்ளிவிடுவேன். சேர்ந்த புதிதில் ஒருமுறை பார்த்துவிட்டேன். 'கண் மூடல்' என்று வந்தது. அப்பா அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்தபோது வழக்கம்போல அம்மாவைக் கிண்டல் செய்துகொண்டே சாப்பிட்டார். எங்களுக்குத் தெரியாத ஓர் அப்பா அந்த வண்டிக்குள் இருந்தார். அவரைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அப்பா முற்றத்தில் இருக்கும் நாட்களில் ஓட்டுநர்களின் ஓய்வறையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். நான் கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்ப்பதாகத்தான் அவரிடமும் சொல்லியிருந்தேன்.

"கொட்டாவி விட்டா ஒரு புள்ளி, மூக்கைச் சொறிஞ்சா ஒரு புள்ளி," என்றார் மீசைக்காரர். பெயர் வேறு, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு வாங்கினதில்லப்பா."

"வாங்கியிருந்தா இங்க ஏன் வர்றே?" என்றார் அப்பா.

"நீ சிரி. வண்டியிலதான் தூங்குறேன், துணி மாத்துறேன், பொண்டாட்டிகூட சண்டை போடுறேன். எவனோ கண்ணைக் கழட்டி என் வீட்டுக்குள்ள வச்சுட்டுப் போயிட்டான். நாம அதுக்கு முன்னாடி குடித்தனம் பண்ணணும்!"

மூலையில் இருந்தவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். பாடாமல் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "எனக்கு அது இருக்கட்டும்னுதான் தோணுது," என்றார். "போன வருஷம் பைக்ல ஒருத்தன் குறுக்க வந்து விழுந்தப்போ, என் மேல தப்பில்லன்னு அதுதானே சாட்சி சொல்லிச்சு? தனியா போறோம். யாரோ பாத்துட்டு இருக்காங்கன்னா ஒரு தெம்புதானே."

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம். பாட்டுக்காரரின் வண்டி சாலையோரம் நின்றிருந்தது. வரிசையாக ஒன்பது படங்கள், ஒன்பதும் 'கண் மூடல்'. நிற்கிற வண்டியில் கண் மூடினால் அது ஓய்வு, 'தவறு' அழுத்த வேண்டும். முழுதாகப் பார்க்காமலே ஒன்பதுக்கும் அதையே அழுத்தினேன்.

பத்தாவது படம் ஒன்று இருபதுக்கு வந்தது. கேமரா மறைப்பு.

அவர் கை மெல்ல எழுந்தது. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன. நடுங்கிக்கொண்டே லென்சை நோக்கி வந்து, திரை முழுதும் உள்ளங்கையானது. நிம்மதியாகத் தூங்க நினைக்கிறார், பாவம் என்று தோன்றியது. ஆனாலும் விதி விதிதான்.

'சரி' அழுத்தினேன்.

மாலையில் அந்த வழியாக வந்த மீசைக்காரர்தான் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு. உயிர் போய் மூன்று மணி நேரமாகியிருந்தது.

மறுநாள் மேலாளர் முன்னால் போய் நின்றேன். "சார், அந்தப் புள்ளியை எடுத்துடலாமா?"

"எடுக்க வழியில்லம்மா. போட்டா போட்டதுதான். போன மனுஷனுக்கு இனிமே அதனால என்ன?"

ஆனால் புள்ளி விழுந்தால் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் தானாகவே போகும். பதினாறாம் நாள் அது போய்ச் சேர்ந்தது. காரியத்துக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"உதவிக்குக் கை நீட்டியிருக்கான்மா. மறைக்கப் பாத்தான்னு எழுதியிருக்காங்க. அதைப் பாத்தது மனுஷ ஜென்மம்தானா?"

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

அந்த வண்டியைச் சுத்தம் செய்து, சீட்டு உறை மாற்றி, அப்பாவிடம் கொடுத்தார்கள். கேமரா பழையதுதான்.

முதல் நாள், ஒன்று இருபது. கேமரா மறைப்பு.

அக்கா சாப்பிடப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் பார்த்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை எழுந்தது.

ஐந்து விரல்கள். அதே நடுக்கம். லென்ஸ் வரை வந்து நின்றது. அப்பா சாலையைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தார்.

'தவறு' அழுத்தினேன்.

அன்று இரவே கேட்டேன். "அப்பா, அந்த வண்டி வேணாம்ப்பா."

"ஏம்மா?"

"அவர் அதுலதானே..."

"செத்தவன் உக்காந்த சீட்டெல்லாம் வேணாம்னா நான் நடந்துதான் போகணும். போய்ப் படு."

இரண்டாம் நாளும் ஒன்று இருபதுக்கு 'கேமரா மறைப்பு' என்றுதான் வந்தது. ஆனால் கை லென்சுக்கு வரவில்லை, அப்பாவின் தோள் மேல் இருந்தது. படத்தை அக்காவிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"உங்கப்பா யாரையோ ஏத்திட்டுப் போறார்டி. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். 'தவறு' போட்டுத் தள்ளிவிடு."

"பக்கத்து சீட்டுல யாரும் இல்லக்கா. பாருங்க."

அக்கா மறுபடி பார்த்தார். அப்புறம் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அப்பாவின் படங்களை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை.

மூன்றாம் நாள் உள்ளங்கை அப்பாவின் இடது மார்பில் பதிந்திருந்தது. அழுத்தாமல், கதவில் கை வைத்துக் காத்திருப்பதுபோல.

அன்று சாப்பிடும்போது அப்பா மார்பைத் தேய்த்தார். "லேசா பிடிச்ச மாதிரி இருக்கு. வாயுதான்."

இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. "இதயம் இருபது வயசுப் பையனோடது மாதிரி இருக்கு," என்றார் டாக்டர். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

கையைப் பற்றி யாரிடம் சொல்ல? என்னவென்று சொல்ல? சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான்.

ஒரே ஒரு வழி இருந்தது. கேமரா மறைப்புக்கு மூன்று புள்ளிகள் விழுந்தால் ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

நான்காம் நாள். சரி.

ஐந்தாம் நாள். சரி.

ஆறாம் நாள் அந்தக் கை அப்பாவின் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே இருந்தது. மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது.

சரி. சரி. சரி. ஒருமுறை அழுத்தினாலே போதும் என்பது தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அப்பாவை இறக்கிவிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் கேமராவைத் தொட்டதே இல்லம்மா. பொய் சொல்றாங்க. உன் ஆபீஸ்ல யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அந்தப் படத்தைப் பாக்கச் சொல்லேன். பாத்தா தெரிஞ்சிடுமே."

"கேக்கிறேன்ப்பா."

"யார் பாத்தாங்கன்னு மட்டுமாவது கேளு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இறங்கிவிட்டார். உயிரோடு, என் கண் முன்னால், நாற்காலியில் இருந்தார். அது போதும் என்று நினைத்தேன்.

வண்டியை எடுக்க வேறு யாரும் முன்வரவில்லை. மீசைக்காரர் முகத்துக்கு நேராகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டியைப் பின்முற்றத்தில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி வேறு லாரிக்குப் போட்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். வயர்கள் வெறுமனே தொங்கின.

அதற்கு அடுத்த நாள் மதியம் ஒன்று இருபதுக்கு அந்த வண்டி எண்ணில் ஒரு படம் வந்தது.

கண் மூடல்.

ஓட்டுநர் இருக்கையில் அப்பா இருந்தார்.

காலையில் வீட்டில் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே முற்றத்துச் சுவர் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எந்தக் கையும் இல்லை.

அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்திருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அப்பா எங்க?"

"இங்கதான். சாப்பிட்டுட்டுத் தூங்குறார். ஏன், குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எழுப்பு."

"இப்பத்தான் கண்ணசந்தார்டி..."

"எழுப்பும்மா!"

அக்கா திரும்பினார். என் திரையைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு போய் நின்றார்.

முப்பதிலிருந்து எண் குறைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. இம்முறை அப்பாவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது.

ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

போனில் அம்மாவின் குரல் தள்ளிக் கேட்டது. "ஏங்க. ஏங்க, எந்திரிங்க. என்னங்க இது, உடம்பு இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

திரையில் கை நெருங்கியது. எனக்குத் தெரிந்த கை. எனக்கு சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்த கை. பதினொன்று. பத்து. 'சரி' என்றால் என்ன ஆகும்? 'தவறு' என்றால்? மூன்றாவதாக ஒரு பொத்தான் அங்கே இருந்ததே இல்லை. நான் இரண்டு கைகளாலும் திரையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா," என்றேன். திரைக்குக் காது கிடையாது என்று தெரிந்தே மறுபடி மறுபடி கூப்பிட்டேன்.

நான்கு. மூன்று.

படம் அணைந்தது. போனில் யாரோ நீளமாக மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"முழிச்சிட்டார்டி!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "பயமுறுத்திட்டார் மனுஷன். இந்தா, பேசு."

"அப்பா," என்றேன். "அப்பா, ஒண்ணும் இல்லையே? நல்லா இருக்கீங்களா?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். தொண்டையும் அவருடையதுதான், அந்தக் கரகரப்பும் அவருடையதுதான்.

"பாத்துட்டுத்தானே மேடம் இருந்தீங்க?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பத்துத் தடவை கூப்பிட்டேனே. ஏன் மேடம் யாரையும் அனுப்பல?"

பின்னால் அம்மா குழப்பத்தோடு சொல்வது கேட்டது.

"ஏங்க, அது ஆபீஸ் மேடம் இல்லங்க. நம்ம பொண்ணுங்க அது."

"தெரியும்," என்றது அப்பாவின் குரல்.