பேன்ட் நுனியில் துணி கிளிப்

“பேஷன்ட் சொல்றதை அப்படியே ஃபைல்ல எழுதிடலாமா மேடம்?”

“எழுதலாம். கையும் அதையே சொன்னா.”

மாவுக்கட்டு உதவியாளர் வேலைக்குச் சேர்ந்த அன்று எலும்பு டாக்டரம்மாவுடன் பேசியது அது. இன்று உதவியாளருக்கு அது மறந்தே போயிருந்தது. எதிலும் பரபரக்கும் அவருக்கு ஆஸ்பத்திரியில் ‘அவசரம்’ என்று பட்டப்பெயர்.

எதிரே ஒரு பெரியவர். வலது மணிக்கட்டு வீங்கி, முள்கரண்டியைப் போல வளைந்திருந்தது.

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன்,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“வழுக்காம? மருமக சோப்புத் தண்ணியைத் துடைக்கவே இல்ல,” என்றார் மனைவி.

“துடைச்சேன் அத்தை!” மருமகளின் கண்கள் அழுது சிவந்திருந்தன. “ஒரு வாரமா துணி கிளிப் காணோம்னு திட்டு, இன்னிக்கு இது. டாக்டர், நடந்ததைச் சரியா எழுதுங்க. இல்லேன்னா ஆயுசுக்கும் இந்தப் பேச்சு என்னை விடாது.”

டாக்டர் விரல்களை அசைக்கச் சொன்னார். உணர்ச்சியும் நாடியும் பார்த்தார். முழங்கையையும் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டருகே முறிந்து பின்னால் தள்ளியிருந்தது. அவசரம் உள்ளங்கைச் சிராய்ப்பைக் கழுவினார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை இழுத்துப் பொருத்தினார்; மாவுக்கட்டும் போட்டாயிற்று. மறு எக்ஸ்ரே திருப்தியாக இருந்தது.

“எழுதிடவா மேடம்? பாத்ரூம், சோப்புத் தண்ணி...”

“பொறுங்க. உள்ளங்கையில இருந்து என்ன எடுத்தீங்க?”

“பொடி ஜல்லி.”

“பாத்ரூம்லயா? சரி, வலது கால் உள்பக்கம் என்ன கறை?”

“கிரீஸ் மாதிரி இருக்கு.”

“பேன்ட் நுனியைக் கவ்விக்கிட்டு இருக்கறது என்ன?”

“துணி கிளிப்!” அவசரம் துள்ளினார். “குளிக்கப் போறவருக்கு எதுக்கு... செயின்ல மாட்டாம இருக்க! மேடம், சைக்கிள்!”

“கையை ஊன்றி விழுந்தது நிஜம். ஆனா ரோட்டுல,” என்றார் டாக்டர். “முழங்கால்ல பழைய சிராய்ப்பும் இருக்கு. இப்பதான் கத்துக்கறீங்களா ஐயா?”

பெரியவர் அசடு வழிந்தார். “பேரன் சைக்கிள்தான். கல்யாணத்துக்கு முன்னாடி இவகிட்ட, சைக்கிள்ல ஊரையே சுத்துவேன்னு அளந்துட்டேன். ரிட்டயர் ஆயாச்சு, இப்பவாவது அதை நிஜமாக்கலாம்னு...”

“அப்ப என் கிளிப் திருடனும் நீங்கதானா மாமா?” என்றாள் மருமகள். அறையே சிரித்தது. அவசரம் ஃபைலில் கொட்டை எழுத்தில் ‘சைக்கிள்’ என்று எழுதினார்.

மாமியார் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கடி கண்ணு. இந்த மனுஷனால உன்னைப் போட்டு வறுத்துட்டேன்.” பிறகு கணவரிடம் திரும்பினார். “உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு அப்பவே தெரியும். நான் ஸ்கூலுக்கே சைக்கிள்லதான் போவேன். உங்க மனசு நோகுமேன்னு இத்தனை வருஷமா கேக்கலை.”

“என்ன கேக்கலை?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரின் கட்டுப் போட்ட கையை மெல்லத் தொட்டார் மனைவி.

“எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தாங்க. நீங்க பின்னாடி உக்காருங்க.”