ஜோடித் தலையணை

அவள் தலை வைக்காத தலையணையில் பள்ளம் விழுந்திருந்தது.

மூன்று நாளாக இதே கதை. தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாள். காலைச் சவாரி முடிந்து வந்து பார்த்தால் மறுபடி பள்ளம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் மாலையில் கை நிதானமாக இருக்கும். ஒரு மாதமாக அந்தத் தூக்கம் வரவில்லை. போன வாரம் ஓட்டும்போதே கண் சொருகி, பின்னால் பதினெட்டுப் பிள்ளைகளும் வீறிட்டு அலறிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி ஆனால்? 

ஃபெங் சூய் என்கிற சீன வாஸ்துவில் பைத்தியமான அவளுடைய அக்காதான், தூக்கம் வரட்டும் என்று, போனிலேயே படுக்கையறையைப் புரட்டிப் போட்டாள்.

"தலையணை ஜோடியாத்தான் இருக்கணும்டீ. படுத்தா கதவு கண்ணுல படணும்."

"கதவு தலைமாட்டுப் பக்கம் இருக்கேக்கா. இந்த ரூம்ல கட்டில் வேற எப்படியும் திரும்பாது."

"அப்ப எதிர்ச் சுவத்துல கண்ணாடி மாட்டு. கதவு மட்டும்தான் தெரியணும். கட்டில் தெரியவே கூடாது. தெரிஞ்சா கட்டில்ல இன்னொரு ஆள் கூடிடும், சொல்லிட்டேன்."

"வர்றவ வீடு பெருக்குவான்னா வரட்டுமே" என்று இவள் சிரித்தாள்.

பதினோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வேன் கண்ணாடியைத் திருப்புவது போலவே, பின்னால் இருப்பது மொத்தமும் தெரியும்படி சுவர்க் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தாள். கதவு தெரிந்தது. கட்டிலும் தெரிந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்று பள்ளத்தைத் தட்டிவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். திரைக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகிக்கொண்டிருக்க, புது உறையின் சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து ஈரத் தலைமுடியின் வாசனை மெல்லக் கிளம்பி வந்தது. அவள் இன்னும் குளிக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது.

பழக்கதோஷம், கண் கண்ணாடிக்குப் போனது. வண்டியில் எண்ணுவது போலவே எண்ணியது. ஒன்று.

இரண்டு.

சாவியை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

தூக்கக் கலக்கம்தான் என்று பள்ளிக்கூட வாசல் வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினாள். பதினெட்டு. கதவைச் சாத்திக் கிளப்பினாள். 

இரண்டாவது திருப்பத்தில் அந்த வாசனை வந்தது. ஈரத் தலைமுடி.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

பத்தொன்பது.

கடைசி வரிசையில், முகம் மறைய முடி தொங்க, ஒன்று. அதன் தோளில் சாய்ந்து கண்மூடியிருந்தது, வண்டியிலேயே சின்னதான பாப்பா.

பிரேக்கை மிதித்தாள்.

"மெதுவா ஆன்ட்டி" என்றான் முன்வரிசைப் பையன். "பாப்பா தூங்குறா."

திரும்பினாள்.

பதினெட்டுதான். பாப்பாவுக்குப் பக்கத்து இருக்கை காலி. அதன் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. பாப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒருபக்கமாகச் சாய்ந்து, தலை எதிலும் படாமல்.