மூன்றாவது ஓட்டு

"சூப்ப நாய்க்குப் போட்டுடாத, வந்து குடிக்கிறேன்" என்றான் ஆர்னே. மாரிட் தலையாட்டினாள். அவன் அந்தச் சின்னக் கணினிப் பெட்டியைப் பழைய துவாலையில் சுற்றி, டிரக்கில் தன் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் பெல்ட் போட்டான்.

மார்ச் கடைசி. உறைந்த ஏரியின் மேல் போகும் பாதையை, பனிக்கட்டி இளகுகிறதென்று மூடி நான்கு நாளாகியிருந்தது. சுற்றிப் போனால் நாற்பது மைல். மினசோட்டாவின் அந்த வட மூலையில், இன்னும் ஒரே தடவை என்று தடுப்பை ஒதுக்கிவிட்டு ஓட்டாத ஆண்பிள்ளை கிடையாது. பனிக்கட்டி உடைந்து மூழ்கிய டிரக்கை எடுத்தார்கள். அவனையும் எடுத்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை.

கணவனும் மனைவியுமாக இருவரும் மாவட்ட அவசர அழைப்பு நிலையத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர்கள். அங்கே இரண்டு பெரிய சர்வர்கள். ஒவ்வொரு நொடியும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும். ஒன்றின் குரல் நின்றால், மற்றது அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முழு வேலையையும் ஏற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று செத்ததாக நினைத்துவிட்டால் எது பிழைப்பது என்று தீர்மானிக்கத்தான் அந்த மூன்றாவது பெட்டி. அதில் தரவு எதுவும் இல்லை. ஓட்டு மட்டும். ஏரிக்கு அக்கரையில் வைக்கத்தான் ஆர்னே கொண்டுபோனான்.

இதையெல்லாம் கட்டிக் காக்கும் கிளஸ்டர் மென்பொருளை நீக்கிவிட மாவட்டம் முடிவு செய்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. ஊர் தேவாலயத்தில் இருக்கும், அழைப்புகள் குறைவு.

பழைய பதிப்பை நேராக நீக்க முடியாது, முதலில் மேம்படுத்த வேண்டும் என்றது கையேடு. மேம்படுத்தல் இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாம் முறை முடிந்தபோது மணி பன்னிரண்டு. மாரிட் நீக்கச் சொன்னாள்.

மறுத்தது. உறுப்பினர் மூவர் இணைப்பில் இருக்கிறார்களாம்.

மூன்றாவது பெயரை, ஏரியோடு போன பெட்டியினுடையதை, அழித்தாள். வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது. ஐந்து முறை.

அடுத்த அறையில் அழைப்பு எடுக்கும் ஜோலீன் கதவில் எட்டிப் பார்த்தாள். "என்ன தாயே, சண்டை சத்தம் அங்க வரைக்கும் கேக்குது?"

"போக மாட்டேங்குது."

"ஆர்னே கட்டுனதாச்சே. அவன் மட்டும் சொன்னா கேப்பானாக்கும்?" சொன்னபின் ஜோலீன் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மாரிட்டுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாற்பது மைல் சுற்றிப் போக முடியாத மனுஷன். எழுந்துபோய் இரண்டு சர்வர்களையும் இணைத்த கம்பியைப் பிடுங்கினாள்.

பிடுங்கிய பிறகுதான் உறைத்தது.

ஒன்றின் மின்சாரத்தை மற்றது துண்டிக்கும் அதிகாரத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. பதினாறு வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. இப்போது இரண்டும் ஒன்றையொன்று கொல்லும். மாவட்டம் முழுக்க எந்த ஆம்புலன்ஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

முதல் சர்வரின் விசிறி நின்றது.

இரண்டாவதைப் பார்த்தபடி நின்றாள். எண்ணினாள். பத்து. பதினைந்து.

அது நிற்கவில்லை.

சுவருக்கு அப்பால் ஜோலீனின் குரல் நிதானமாக வந்தது. தேவாலயப் படியில் யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். "வண்டி கெளம்பிடுச்சு, நாலு நிமிஷம். அவர் கைய விடாதீங்க."

மாரிட் திரைக்குத் திரும்பினாள். இரண்டாவது சர்வர் ஏன் பிழைத்தது என்பதற்கு ஒரே வரி.

ஆதரவாக இரண்டு ஓட்டுகள். ஒன்று அதனுடையது.

அறையில் சேற்று வாடை அடித்தது. குளிர்ந்த, பாசி படிந்த சேறு.

"ஆர்னே" என்று கிசுகிசுத்தாள். "போதும். நான் பாத்துக்கறேன். விடு."

நீக்கச் சொல்லி மறுபடி தட்டினாள். ஒரு மறுப்பும் இல்லாமல் போயிற்று. முதல் சர்வரை எழுப்பி, அதிலும் நீக்கினாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உறுப்பினர் பட்டியல் என்று ஒன்றே இப்போது இல்லை.

வெளியே வந்தபோது ஜோலீன் காபியை நீட்டினாள். படியில் விழுந்தவர் மூச்சு விடுகிறாராம். மாரிட் குடித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த கண்காணிப்புத் திரையைப் பார்த்தாள். இயங்கும் இயந்திரங்களின் வெப்பத்தை மட்டும் காட்டும் திரை அது. இரண்டு வரி இருக்க வேண்டும்.

மூன்று இருந்தன.

அவனை மேலே கொண்டுவந்த முக்குளிப்பவர், அடக்கம் முடிந்த சாப்பாட்டின்போது, அவள் கேட்காமலே ஒன்று சொல்லியிருந்தார். மேலே பனியோ வெயிலோ, அந்த ஆழத்தில் தண்ணீர் எப்போதும் ஒரே குளிர்தானாம்.

ஜூலை வந்தது. ஏரியில் பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள். பெரிய சர்வர்களின் வெப்பம் நாளுக்கு நாள் ஏறியது, இறங்கியது.

மூன்றாவது வரியில் மாறாமல் நான்கு டிகிரி.