சிரிக்காம ஒரு தடவை

மாமரக் கிளையில் தொங்கிய தராசில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதைவிடக் கடுப்பில் இருந்தாள் நர்ஸ் தெம்வானி. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து தடுப்பூசிப் பெட்டி இன்னும் வந்தபாடில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. அம்மாமார் வேறு, "எப்ப சிஸ்டர்... எப்ப சிஸ்டர்..." என்று பிடுங்கி எடுத்தார்கள்.

ஒருவழியாக மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவன் புது டிரைவர். நெடுநெடுவென்று உயரம், முழங்கால்வரை சேறு... கண்ணில் மட்டும் சிரிப்பு.

"தொரை இப்பத்தான் எழுந்தீங்களோ?"

"ஓடையில வெள்ளம் சிஸ்டர். பெட்டியைத் தலையில வச்சுக் கரையேத்திட்டு, அப்புறம் வண்டியைத் தள்ளினேன். உங்க பேரு?"

"தெம்வானி ஜெரே."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே... "ஜெரேன்னா ங்கோனி இனமாச்சே. நான் பெம்பா, பேரு கசோண்டே. பாருங்கம்மா, வடக்கேருந்து இவ்வளவு தூரம் வந்தா என் பொண்டாட்டி இங்கயே நிக்கிறா. எலிக்கறி ஆக்கி வச்சிருக்கியாடி?"

அம்மாமார் கொல்லென்று சிரித்தார்கள். கோபப்பட முடியுமா? எந்தக் காலத்திலோ ரெண்டு இனமும் வெட்டிக்கொண்டு, ஓய்ந்து, கடைசியில் கேலிமுறை ஆகிப்போனார்கள். முறைக்காரன் என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும். பதிலுக்கு வாரவும் வேண்டும். ங்கோனி எலி தின்னி, பெம்பா குரங்கு தின்னி என்பது பழைய கேலி.

"குரங்கு தின்ன வயித்துக்கு எலி செரிக்காது. முதல்ல பெட்டியை இறக்கு."

அன்று பிடித்தது வினை. வார்டு வராந்தா, கிராமத்து முகாம், பூசை முடிந்த மாதாகோயில் வாசல்... எங்கே கண்டாலும், "என் பொண்டாட்டி வர்றா, வழி விடுங்க." அவளும் சளைத்தவள் இல்லை. ஆனால் பாழும் மனசு இருக்கிறதே, அது கேலி எது, நிஜம் எது என்று கேட்டு நச்சரித்தது. எப்படித் தெரியும்? ஐந்து பிள்ளை பெற்ற சமையல்கார சோபியா அக்காவும் ங்கோனிதான். அவளையும் பொண்டாட்டி என்றுதான் கூப்பிடுகிறான் படுபாவி. வாய்விட்டுக் கேட்டால் ஊரே சிரிக்கும்.

மழை வலுத்த ஒரு நாள், அவன் அப்பா போய்விட்டதாகச் செய்தி வந்தது. பஸ் ஏறுமுன் அவன் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரியே கூடியது. எழவிலும் கேலி பேசித் துக்கத்தைக் கலைப்பது முறைக்காரியின் கடமை. தெம்வானி முன்னால் போய் நின்றாள்.

"உங்கப்பா தந்திரக்காரர். மருமக நான் வந்தா சோத்துல பங்கு கேப்பேன்னு முன்னாடியே கிளம்பிட்டார்."

அழுதவர்கள்கூடச் சிரித்தார்கள். கசோண்டே சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான்... கண் நிறைந்தது.

ஊருக்குப் போய்த் திரும்பியவன் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "வணக்கம் சிஸ்டர் ஜெரே. சௌக்கியமா இருக்கீங்களா?"

அவ்வளவுதான்.

ஐயோ, என் வாய்க்கொழுப்பு... அப்பனைப் பறிகொடுத்தவனைப் புண்படுத்திவிட்டேனே! மன்னிப்புக் கேட்க நாக்கு துடித்தது. வீம்பு விடவில்லை. அவன் 'சிஸ்டர்' என்றால் இவள் 'டிரைவர் சார்' என்றாள். சோபியா அக்காவிடம் மட்டும் பழைய கேலி அப்படியே நடந்தது. அது காதில் விழும்போதெல்லாம் தெம்வானி மருந்து அலமாரியை அறைந்து சாத்தினாள்.

அடுத்த முகாமில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. குழந்தைகளோடு அம்மாமார் கிராமத்துக் கோயிலுக்குள் ஒண்டினார்கள். வாசல் தாழ்வாரத்தில் இவர்கள் இரண்டு பேரும். மழை முகத்தில் தெறித்தது. இதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்புன்னா திட்டிடுங்க. இப்படி மரியாதை குடுத்துக் கொல்லாதீங்க."

"தப்பா? அன்னிக்கு நீங்க பேசின பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

"அப்புறம் என்ன? சோபியா அக்கா பொண்டாட்டி... நான் மட்டும் சிஸ்டரா?"

அவன் மழையையே பார்த்தான். "ஊர்ல அம்மாகிட்ட நீங்க சொன்னதைச் சொன்னேன். 'மருமகள்னு சொன்னாளே, அது கேலிக்கா நிஜமாவா'ன்னு கேட்டாங்க. அன்னிலேருந்து பொண்டாட்டிங்கிற வார்த்தை சோபியா அக்காகிட்ட விளையாட்டா வருது... உங்ககிட்ட வரமாட்டேங்குது. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்ச்சுட்டேன். நிஜமாச் சொன்னாலும் சிரிச்சுடுவீங்க. கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டிருந்தா நம்புவீங்கன்னு..."

"கொஞ்ச நாளா? அதுக்குள்ள நான் செத்தே போயிருப்பேன்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லு... சிரிக்காம ஒரு தடவை."

"தெம்வானி... உன்னைப் பிடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கிறியா?"

கோயிலுக்குள் சலசலப்பு அடங்கியது. முறைக்காரி என்ன பதிலடி கொடுக்கப்போகிறாள் என்று அம்மாமார் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். அவள் நாக்கு நுனிக்கு ஒரு கேலி வந்தது, பிரமாதமான கேலி. விழுங்கிக்கொண்டாள்.

"கட்டிக்கிறேன். எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டு ஆள் அனுப்பு."

அத்தனை அம்மாமாரில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.